ஒன்று குறைகிறது

ஓசூரில் இருக்கும் மகன் வீட்டுக்கு அவர் குடிபோன அன்று, டெம்போவில் ஏற்றிய மூட்டைகளை மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் பதினேழுதான் வந்தது. அப்படியும் டிரைவரைக் கீழே இறங்கச் சொல்லி, "நீ ஒரு வாட்டி எண்ணுப்பா" என்றார். நான் வழியனுப்பப் போகவில்லை. சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகட்டும், இனி ஓசூர்க்காரர்கள் பாடு என்று நினைத்துக்கொண்டேன். நகரசபைத் தேர்தல் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் மேல் இருக்கும் எரிச்சல் ஒரு பொட்டு குறையவில்லை. அந்த நாளை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. சுரங்கக் கம்பெனி கட்டிக்கொடுத்த லைன் வீடுகள் இவை. ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். சுரங்கம் ஓடிய காலத்தில் அவருக்கு டோக்கன் ரூமில் வேலை. ஷிப்டுக்கு இறங்கும் ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்த பித்தளை வில்லை ஒன்றைக் கொடுப்பார். மேலே வந்ததும் திரும்ப வாங்கி அந்த நம்பருக்கான ஆணியில் மாட்டுவார். ஓர் ஆணி காலியாக இருந்தால், ஓர் ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று பொருள். எல்லா ஆணியும் நிறையாமல் அடுத்த ஷிப்டுக்கு அவர் வழி விடமாட்டார்.

நான் கல்யாணமாகி இந்த லைனுக்கு வந்த முதல் மாதம் அது. சுரங்கம் மூடச் சில வருடங்கள் இருந்தன. ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் சைக்கிளைப் பிடித்தபடி இவர் நிற்கிறார். மூச்சு வாங்குகிறது.

"உன் வீட்டுக்காரன் உள்ள கீறானா?"

"சாப்புட்டுகினு இருக்காரு. நீங்க யாரு?"

"கண்ணால பாத்தியா?"

"இன்னாங்க இது, நான்தானே சோறு போட்டேன்!"

"அப்ப சரி. டோக்கனைக் குடுக்கச் சொல்லு."

என் வீட்டுக்காரர் குழம்புக் கையோடு எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து வில்லையை எடுத்துக் கொடுத்தார். அவர் வாங்கித் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார். அடுத்த ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரையும் கேஜ் வாசலில் நிறுத்திவிட்டு அவர் சைக்கிள் மிதித்து வந்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேஜ் என்பது ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டு. அதை அரை மணி நேரம் நிறுத்தி வைப்பது சின்ன விஷயமில்லை. மேலதிகாரிகள் திட்டுவார்களாம். ஷிப்ட் ஆட்கள் அவருடைய அம்மாவை இழுத்துத் திட்டுவார்களாம். இவர் நின்ற இடத்திலேயே நிற்பாராம்.

பல வருடம் கழித்து ஒரு நாள் கேட்டேன். "இவ்ளோ பண்ணீங்களேண்ணா, எப்பவாவது நெஜமா ஒருத்தன் கீழயே நின்னுட்டு இருந்தானா?"

"செத்தவங்க வேற. அது எல்லாருக்கும் தெரியும். எங்க கீறான்னு தெரியாதவன் ஒருத்தனும் இல்லம்மா. எல்லாம் டோக்கனைப் பாக்கெட்ல போட்டுகினு வூட்டுக்குப் போன பசங்கதான்."

"அப்ப எதுக்குண்ணா இந்த அலைச்சல்?"

"வூட்லதான் கீறான்னு போய்ப் பாத்தாதானே தெரியும்?"



சுரங்கம் மூடியது. ஆணிப் பலகை போனது. அவருடைய எண்ணிக்கை மட்டும் போகவில்லை, எங்கள் மேல் வந்து விழுந்தது. என் நாத்தனார் கல்யாணத்துக்குக் குடியாத்தம் போனோம். போகும்போது பஸ்ஸில் ஐம்பத்திரண்டு பேர். திரும்பும்போது எண்ணினார், ஐம்பத்து மூன்று. குறைந்தால் தேடலாம், கூடினால் என்ன செய்வது? "கூடினா நல்லதுதானே பெரிப்பா, வண்டிய எடுக்கச் சொல்லு" என்று பையன்கள் கத்தினார்கள்; எனக்கு அண்ணா என்றாலும் லைன் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் பெரிப்பாதான். அவர் விடவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். கடைசி சீட்டில் தாம்பூலப் பையைத் தலைக்கு வைத்து ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மண்டபத்துக் கல்யாணத்துக்கு வந்தவராம். எழுப்பினால், "ஆம்பூர் வந்துடுச்சா?" என்றார். அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் அவருடைய சம்சாரத்திடம் ஒப்படைத்து, அந்த அம்மா "ஆமா, இது எங்க ஆளுதான்" என்று சொன்ன பிறகுதான் இவர் பஸ்ஸில் ஏறினார். நாற்பது நிமிடம். கைக்குழந்தை வைத்திருந்தவள் நான். என் வாயில் என்னென்ன வந்தது என்பதை எழுத முடியாது.

தேர்தல் முடிவு நாள் என்றால் இன்னும் மோசம். அவர் வீட்டு டிவி எப்போதும் ரிப்பேர். காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு, டிவியில் ஓடும் கட்சிக் கணக்கையெல்லாம் எழுதிக் கூட்டுவார். யார் ஜெயித்தார்கள், யார் முதலமைச்சர் என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. கர்நாடக சட்டசபைக்கு மொத்தம் இருநூற்று இருபத்து நாலு வர வேண்டும். வரவில்லை என்றால் சேனலை மாற்றக்கூடாது. எங்கள் அபிமானக் கட்சி ஜெயித்து நாங்கள் கேசரி கிளறிக்கொண்டிருந்த ஒரு வருடம், "ஒரு தொகுதி காணோமேம்மா" என்றபடி மத்தியானம் மூன்று மணி வரை கேசரித் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இத்தனையும் தெரிந்துதான் அவரை ஓட்டு எண்ணும் இடத்தில் எங்கள் ஏஜென்டாகப் போட்டோம். அதைச் சொன்னதும் நான்தான்.

என் மகள் கௌதமி தினமும் விடியுமுன் ரயில் பிடித்துப் பெங்களூர் போய் வேலை பார்த்து, இருட்டின பிறகு வீடு திரும்பியவள். நாலு வருடம் அப்படி ஓடினாள். சட்டசபைத் தேர்தல் முடிந்து இரண்டரை வருடத்தில் மாநிலம் முழுக்க ஒரே நாளில் நகரசபைத் தேர்தல் என்று அறிவித்தார்கள். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. இவள் வேலையை விட்டுவிட்டு, சுயேச்சையாக நிற்கிறேன் என்றாள். தண்ணீர் டேங்கர் பத்து நாளைக்கு ஒரு தடவை வருகிறது, சாக்கடை வாசலில் நிற்கிறது, வீட்டுக்குப் பட்டா இல்லை. யாராவது கேட்க வேண்டாமா என்றாள். நான் அழுதேன். எதிரே நிற்பது போன முறை கவுன்சிலராக இருந்தவரின் மனைவி. ஆள் பலம் உள்ளவர்கள். பிரச்சாரம் நடந்த பதினைந்து நாளும், தெருவில் மோட்டார் பைக் நின்றால் நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்துவேன். போன வேலை திரும்ப வராது. தோற்றால் இவள் கதி என்ன என்பது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த முறை மெஷின் கிடையாது, சீட்டுதான் என்று மேலே முடிவாகியிருந்தது. "சீட்டுன்னா தில்லுமுல்லு நடக்குமே" என்று கௌதமி கவலைப்பட்டாள். நான்தான், "அண்ணாவை உக்கார வெச்சுடு. அவர் இருந்தா நம்ம ஓட்டு ஒண்ணு கூட எங்கயும் போகாது" என்றேன். என் வாயை என்ன செய்வது?

முடிவு நாள் காலையில் லைனிலிருந்து ஏழு பேர் வேனில் கிளம்பினோம். நான், என் வீட்டுக்காரர், கௌதமி, அவர், லைன் பெண்கள் மூன்று பேர். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எண்ணிக்கை. கேட்டுக்கு உள்ளே போகப் பாஸ் இருந்தது எங்கள் மூவருக்குத்தான். வேட்பாளர் கௌதமி, அவளுடைய தேர்தல் ஏஜென்ட் நான், எண்ணிக்கை ஏஜென்ட் அவர். கேட்டுக்கு வெளியே டீக்கடை டிவியில் மாநிலக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆளும் கட்சிக்கு மக்கள் அரையாண்டுப் பரீட்சையில் போட்ட மார்க் இது என்று அதில் ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு கத்தினார். உள்ளே எங்கள் மேஜையில் தகரப் பெட்டி இரண்டு இருந்தன. என் மகளின் வாழ்க்கை அவற்றுக்குள் மடித்துக் கிடந்தது.

பெட்டிகளைக் கவிழ்த்துச் சீட்டுகளை இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டினார்கள். ஓட்டுச்சாவடியிலிருந்து வந்த கணக்கில் எண்ணூற்று எழுபத்து நாலு என்று இருந்தது. மேஜையில் இருந்தது எண்ணூற்று எழுபத்து மூன்று.

"ஒண்ணு கொறையுது சார்" என்றார் அவர்.

தேர்தல் அதிகாரி நல்ல மனிதர். கன்னடத்தில் சிரித்துக்கொண்டே, "ஹோக்லி பிடி ஸ்வாமி" என்றார். போகட்டும் விடுங்கள், யாரோ சீட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள், எல்லா ஊரிலும் நடப்பதுதான் என்று சொல்லித் தாளில் குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். அப்போது நான் அண்ணாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான் என்ற சொல்லைக் கேட்டால் சும்மா இருக்கிற ஆளா அவர்?

பன்னிரண்டு மணிக்குப் பிரித்து முடித்தார்கள். கௌதமியின் தையல் மெஷின் சின்னத்துக்கு முன்னூற்று தொண்ணூற்று ஒன்று. எதிரே நின்ற அம்மாவுக்கு முன்னூற்று தொண்ணூறு. மற்றவர்களுக்குப் போனதும் செல்லாததும் மீதி. எதிர்த்தரப்பு கேட்டதால் மறுபடி எண்ணினார்கள். அதேதான். ஒரே ஒரு ஓட்டில் என் மகள் ஜெயித்தாள். எதிர்த்தரப்பு ஏஜென்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டார். யாரோ ஜன்னல் வழியாகச் சொல்லியிருக்க வேண்டும், வெளியே எங்கள் ஆட்கள் பட்டாசு கொளுத்தினார்கள். நான் கௌதமியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். பதினைந்து நாளில் அன்றுதான் எனக்கு மூச்சு முழுசாக வந்தது.

அதிகாரி முடிவுத் தாளை அண்ணா பக்கம் தள்ளினார். அவர் பேனா மூடியைக் கழற்றினார். திரும்ப மூடினார்.

"ஒண்ணு கொறையுது சார்."

"அண்ணா" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "நாம ஜெயிச்சுட்டோம்ணா. போடுங்க."

"ஜெயிச்சது சரிம்மா. ஒண்ணு கொறையுதே."

"கொறைஞ்சா கொறைஞ்சுட்டுப் போகுது! அவங்களே கையெழுத்துப் போட்டுட்டாங்க, உங்களுக்கு இன்னா வந்துச்சு?"

"அவங்க எண்ணலம்மா. நான் எண்ணினேன்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். கௌதமியிடம் தமிழும் கன்னடமும் கலந்து, "ஏஜென்ட் போடலேன்னா பரவாயில்லமா, கேண்டிடேட் நீ போட்டா சாகு" என்றார். சாகு என்றால் போதும். அவள் கையெழுத்துப் போட்டால் போதும். பேனாவை நானே எடுத்து அவள் கையில் வைத்தேன். "போடுடி" என்றேன் காதோரம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். "பெரிப்பா, நிச்சயமா ஒண்ணு கொறையுதா?"

"நிச்சயமா கண்ணு."

"பாத்தா கெடைக்குமா?"

"அது தெரியாது. பாத்தாதான் தெரியும்."

நான் பெற்ற பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "சார், பெட்டியை ஒரு வாட்டி பாத்துடுங்க" என்றாள்.

அதிகாரி பெட்டி இரண்டையும் எடுத்து வாயை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். காலி. எனக்குப் போன உயிர் திரும்ப வந்தது. அண்ணா நாற்காலியிலிருந்து எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டே குனிந்து, இரண்டாவது பெட்டியின் மூடிக்கு அடிப்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "நான் தொடமாட்டேன் சார். நீங்களே வெரலை வுட்டுப் பாருங்க" என்றார். சீட்டுப் போடும் துவாரத்துக்கு உள்பக்கம் ஒரு தகட்டு மூடி இருக்கிறது. சீல் ஒட்டிய பசை வழிந்து, அந்த இடுக்கில் நாலாக மடித்த ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

அதிகாரி அதைக் கிழியாமல் எடுக்க நகத்தால் சுரண்டினார். அந்த நேரத்தில் நான் எத்தனை வேண்டுதல் வேண்டினேன்! எங்களுடையதாக இருந்தால் இரண்டு ஓட்டு வித்தியாசம் ஆகிவிடும். மூன்றாவது ஆளுடையதாக இருந்தாலும், செல்லாததாக இருந்தாலும் எங்களுக்கு ஒன்றுமில்லை. சீட்டைப் பிரித்தார். முத்திரை கட்டத்தின் நடுவில், கோணல் இல்லாமல், அழகாக விழுந்திருந்தது. எதிரே நின்ற அம்மாவுக்கு.

எழுந்து நின்ற ஏஜென்ட் திரும்ப உட்கார்ந்தார்.

முன்னூற்று தொண்ணூற்று ஒன்று, முன்னூற்று தொண்ணூற்று ஒன்று. சமமானால் குலுக்கல். இரண்டு பெயரை எழுதிச் சுருட்டி, யாருடைய டிபன் டப்பாவிலோ போட்டுக் குலுக்கினார்கள். காவலுக்கு நின்ற பெண் போலீஸைக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். அந்தப் பெண் எடுத்தாள். எங்கள் பெயர் இல்லை. வெளியே எங்கள் ஆட்கள் மிச்சப் பட்டாசை இன்னும் கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

அவர் முடிவுத் தாளை மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தார். எண்ணூற்று எழுபத்து நாலு. கையெழுத்துப் போட்டார்.

"இன்னாண்ணா பண்ணிட்டீங்க!" என்று அந்த ஹாலே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "எம் பொண்ணு வேலையை வுட்டுட்டு நின்னாளே! அவங்க ஓட்டைத் தேடிக் குடுக்கவா உங்களை இட்டுகினு வந்தோம்?"

"யார் ஓட்டுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். "உள்ள நின்னுகினு இருந்துச்சு. அவ்ளோதான் தெரியும்."

"அம்மா, வுடு" என்றாள் கௌதமி. அவள் முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்தேன். வேன் பக்கம் போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. பின்பக்க கேட் வழியாக நடந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். போனை அணைத்தேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டுச் சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். கதவு தட்டப்பட்டது.

"தங்கச்சி, இருக்கியா?"

ஓசைப்படாமல் எழுந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏஜென்ட் பாஸ் இன்னும் கழுத்தில் தொங்கியது. பின்னால் ஆட்டோ நின்றிருந்தது. காலையில் வந்தது ஏழு பேர், வேனில் ஏறியது ஆறு பேர் என்று மூன்று மணி நேரமாக அத்தனை பேரையும் அங்கேயே நிறுத்தி வைத்து, பள்ளிக்கூடம், மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு எல்லாம் தேடிவிட்டு வந்தாராம். எனக்குப் புரிந்துவிட்டது. நான் பதில் சொல்லாவிட்டால் அவர் போகமாட்டார். சரி, நிற்கட்டும் என்று நினைத்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவருடைய ஓர் ஆணி காலியாகவே இருக்கட்டும்.

இரண்டாவது முறை தட்டினார். மூன்றாவது முறை தட்டவில்லை, உள்ளங்கையைக் கதவில் வைத்து அழுத்தினார். பலகை கிறீச்சிட்டது. பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசும் சத்தம் கேட்டது. "இல்லப்பா, வண்டிய எடுக்காத. இன்னும் ஒண்ணு கொறையுது." அந்தப் பக்கம் எங்கள் லைன் பெண்கள் அவரைத் திட்டுவது எனக்கே கேட்டது. பசியோடு காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவர்கள். அப்புறம் அந்தக் கூச்சல் அடங்கியது. யாரோ போனைக் கையில் வாங்கியிருக்க வேண்டும்.

"பெரிப்பா" என்றது கௌதமியின் குரல். காலையிலிருந்து அழாதவள் இப்போது அழுதுகொண்டிருந்தாள். "அம்மா இருக்காங்களா?"

"இருக்கேன்!" என்று கத்தினேன். "இருக்கேன், போங்க! போய்த் தொலைங்க!"

கதவுக்கு வெளியே ஒரு நீண்ட மூச்சு கேட்டது.

"கீறாங்க கண்ணு" என்றார் போனில். "வூட்லதான் கீறாங்க. வண்டிய எடுக்கச் சொல்லு."

கதவை நான் திறக்கவில்லை. லைன் முனையில் வேன் வந்து நின்று, ஒவ்வொருவராக இறங்கும் சத்தம் கேட்கும் வரை அவரும் அங்கிருந்து போகவில்லை.